பூட்டிய நூலகமும் திறந்திருக்கும் சட்டமும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



இலவச சட்ட உதவி வழக்குகளை நடத்துகிறவன் என்று தெரிந்ததும் நம் குடியிருப்பில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். கைபேசியில் ஒரு சட்டப் பிரச்சினையைத் தேடுகிறோம். நல்ல தளம் ஒன்று வருகிறது. உள்ளே போனால், ‘வழக்கறிஞர்களுக்கு மட்டும்’ என்று சொல்லிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. "ஏழைகளுக்கான சட்ட உதவி என்கிறீர்கள், அதையும் ஏன் பூட்டி வைக்கிறீர்கள்? உங்கள் கடவுச்சொல்லைக் கொஞ்சம் கொடுங்களேன்" என்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு இன்று பதில் சொல்கிறேன்.

சட்டம் தொடர்பாக இணையத்தில் இருப்பவற்றை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, சட்டமும் தீர்ப்பும். இவை பொதுச் சொத்து. நீதிமன்றம் தடை செய்திருந்தால் ஒழிய, ஒரு தீர்ப்பை யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து வெளியிடலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே சொல்கிறது. மத்தியச் சட்டங்கள் ‘இந்தியா கோட்’ என்ற அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு 2023 ஜனவரியில் ‘இ-எஸ்சிஆர்’ என்ற இலவசத் தளம் வந்தது. பல தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்பும் இப்போது கிடைக்கிறது. விஷயத்தைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பு உதவும், ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது ஆங்கில மூலம்தான். 2008 முதல் இயங்கும் ‘இந்தியன் கானூன்’ தளத்தையும் வழக்கறிஞர்களே தினமும் பயன்படுத்துகிறோம். இவற்றைப் படிக்க யாருடைய கடவுச்சொல்லும் வேண்டாம்.

இரண்டாவது, சந்தா கட்டிப் படிக்கும் தளங்கள். தீர்ப்பு பொதுவானது, ஆனால் அதைப் படித்துச் சுருக்கி, குறிப்பெழுதி, வரிசைப்படுத்தித் தருவது பதிப்பாளரின் உழைப்பு. 2007-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத்தான் சொன்னது. அந்த உழைப்பில் நமக்கு முக்கியமானது, ஒரு தீர்ப்பு இன்னும் செல்லுமா என்ற தகவல். ஓர் உதாரணம் சொல்கிறேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு வேண்டுமென்றால் 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தேவையில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பழைய தீர்ப்பும் இணையத்தில் அப்படியே கிடக்கிறது. அதை மட்டும் படித்துவிட்டு, ‘எனக்குப் பங்கு இல்லை’ என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்கும் பூட்டிய நூலகம். சட்ட உதவி வழக்கறிஞர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் மாதிரி மனுக்கள், குறுக்கு விசாரணைக் குறிப்புகள், பயிற்சிப் பாடங்கள், பழைய வழக்குகளின் ஆவணங்கள் இத்தகைய இடங்களில் இருக்கும். குடும்ப வன்முறைக்கு ஆளான ஒரு பெண் தன் வழக்கறிஞரிடம் எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொல்லியிருப்பார். அந்தக் குறிப்பு கணவர் தரப்பின் கைக்குப் போனால் என்ன ஆகும்? கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்று பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023-இன் 132-ஆம் பிரிவு கூறுகிறது. எந்தக் கேள்வியை எந்த இடத்தில் கேட்கப் போகிறோம் என்பதும் எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது. ஆகவே அந்தப் பூட்டு ஏழைக் கட்சிக்காரரின் பாதுகாப்புக்காகத்தான் போடப்பட்டிருக்கிறது. கடவுச்சொல்லை நான் யாருக்கும் தராததற்குக் காரணம் இதுதான். தயவுசெய்து வருத்தப்படாதீர்கள்.

ஆனால் அந்த நூலகத்தைத் திறந்து உங்களுக்காகப் படிக்க வேண்டிய வழக்கறிஞரை நீங்கள் இலவசமாகவே பெறலாம். பலருக்கும் இது தெரிவதில்லை.

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவு யாருக்கெல்லாம் இலவச சட்ட உதவி என்று பட்டியலிடுகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் அதில் இருக்கிறார்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு அரசு நிர்ணயித்த வரம்புக்குள் வருமானம் இருக்க வேண்டும். பெண்கள் என்றால் எல்லாப் பெண்களும்தான். நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் அந்த உரிமை உண்டு, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்களுக்கும் உண்டு.

செய்ய வேண்டியது எளிது. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். கையில் இருக்கும் நோட்டீஸ், சம்மன், முதல் தகவல் அறிக்கை, எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும், அங்கே எழுதிக்கொள்வார்கள். வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்று பார்த்து வழக்கறிஞரை நியமிப்பார்கள். வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு எல்லாம் சட்ட உதவியில் அடங்கும். நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த அலுவலகத்திலேயே புகார் கொடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வரும் தீர்ப்பையும், செயற்கை நுண்ணறிவுச் செயலி எடுத்துக் கொடுக்கும் தீர்ப்பையும் அப்படியே நம்பாதீர்கள். 2023-இல் நியூயார்க்கில் ஒரு செயலி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கே 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தீர்ப்பின் பெயரைப் போட்டு நான் சொன்ன இலவசத் தளங்களில் தேடிப் பாருங்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால் வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். லிஃப்ட் அருகில் உள்ள நோட்டீஸ் போர்டிலும் செக்யூரிட்டி அறையிலும் 15100 என்ற எண்ணைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி வைப்போம். இந்தக் கட்டடத்துக்கு வேலைக்கு வருகிறவர்களில் பலருக்கு இந்த எண் தெரியாது. சம்பளம் கிடைக்காதபோதும், வீட்டில் அடி வாங்கும்போதும், மகனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகும்போதும் அவர்கள் முதலில் கேட்பது நம்மிடம்தான். அப்போது நூறோ ஐந்நூறோ கொடுத்து அனுப்புவதோடு நின்றுவிடாமல், இந்த எண்ணுக்கு நாமே போன் போட்டு அவர்களைப் பேச வைப்போம்.