படத்தின் விளிம்பில் ஒரு கை



திருகோணமலைச் சல்லிக் கரையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும், ஊருக்குப் பின்னால் இறங்கும். கிழக்குக் கரை முழுவதற்கும் இதுதான் வழமை. ஆனால் கமராவோடு முத்துமாரியம்மன் கோவிலடியில் நிற்பவருக்கு இது பெரிய விடயம். காலையில் கடலைப் பார்த்துப் படம் எடுத்தால் வெளிச்சம் நேரே லென்சுக்குள் வரும். கரைக்கு வரும் வள்ளத்தில் இருப்பவர்கள் கறுத்த உருவங்களாக விழுவார்கள். தோள் தெரியும், துடுப்புத் தெரியும், முகம் தெரியாது. பின்னேரம் அதே இடத்தில் நின்று அதே வள்ளத்தை எடுத்தால் வெயில் ஊர்ப்பக்கமிருந்து போய் அந்த முகங்களில் படும். உப்பில் காய்ந்த தோலின் சுருக்கம்வரை துலங்கும். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் இது தலைகீழாக நடக்கும்.

ஆள் ஒருவர், வள்ளம் ஒன்று, கடல் ஒன்று. நேரம் மாறியதும் படம் சொல்லும் செய்தியே மாறிவிடுகிறது. காலைப் படம் உழைப்பைப் பற்றியது, பின்னேரப் படம் அந்த மனிதரைப் பற்றியது. அதனால் ஒரு நல்ல புகைப்படத்தைக் கையில் எடுத்தால் முதலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். நிழல் நேரத்தைச் சொல்லும். படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்பதையும் சொல்லும். அவர் நின்ற இடம் தெரிந்தால், எதைக் காட்ட வந்தார், எதை வெளியே விட்டார் என்பது மெல்லப் பிடிபடும். பெரிய படப்பிடிப்பாளர்கள் சிலரை இந்த வழியால் அணுகிப் பார்ப்போம். வானொலியில் படத்தைக் காட்ட முடியாது, சொற்களால்தான் கட்டவேண்டும். கேட்டுவிட்டுப் படத்தைத் தேடிப் பாருங்கள்.

நம் நாட்டிலிருந்தே தொடங்கலாம். லயனல் வென்ட் 1900ஆம் ஆண்டு பிறந்தவர், பறங்கியர் சமூகத்தவர். லண்டனில் சட்டமும் பியானோவும் படித்துத் திரும்பியவர். கொழும்பில் இன்றும் அவர் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. 1934இல் வெளிவந்த ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான். அவருக்கு முன்னால் இலங்கையில் படம் எடுத்துப் பெயர் பெற்றவை பெரும்பாலும் வியாபார ஸ்டூடியோக்கள். ஸ்கீன் நிறுவனமும் பிளாட்டே நிறுவனமும் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அட்டைகள் விற்றன: கள் இறக்குபவர், கொழுந்து கிள்ளும் பெண், காதணி அணிந்த செட்டியார். வெளிச்சம் முன்னாலிருந்து சமமாக விழும். ஒவ்வொருவரும் ஓர் இனத்தின், ஒரு தொழிலின் மாதிரியாக நிறுத்தப்பட்டிருப்பார்கள். மனிதரை வகைப்படுத்தி அடுக்கி வைப்பதற்கான வெளிச்சம் அது.

வென்ட் அந்த வெளிச்சத்தைக் கைவிட்டார். சூரியனைப் பக்கவாட்டில் வைத்தார், சில வேளை எதிரிலேயே வைத்தார். கமராவைக் கீழே தாழ்த்தி, உழைக்கும் உடலை வானத்தின் முன்னால் நிறுத்தினார். கீழிருந்து பார்க்கும் கமராவுக்கு மனிதர் உயர்ந்து தெரிவார். முதுகின் வியர்வையில் வெளிச்சம் வழியும். இருட்டறையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. படத்தைக் கழுவும்போது நடுவில் ஒரு கணம் வெளிச்சம் படவிட்டால் கறுப்பும் வெள்ளையும் விளிம்புகளில் இடம் மாறிக்கொள்ளும். உருவத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு எழும்பும். பாரிஸில் படப்பிடிப்பாளர் மேன் ரே செய்த அந்த வித்தையை வென்ட் இலங்கையின் முகங்களில் செய்து பார்த்தார். 1944இல் அவர் இறந்த பிறகு நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. 1950இல் லண்டனில் வந்த ஒரு நூலும், தப்பிய பிரதிகளும்தான் நமக்கு மிச்சம். அவர் படங்களை நான் பெரிதும் மதிக்கிறேன். ஸ்டூடியோ அட்டையில் மாதிரியாக நின்ற மனிதர் அவரிடம் வடிவம் பெற்று நிமிர்கிறார். ஆனாலும் அந்த மனிதருக்குப் பெயர் கிடைக்கவில்லை. அந்தக் குறை எனக்கு உறுத்துகிறது.

பெயர் என்று சொன்னதும் வென்டுக்கும் முந்திய ஒருவரிடம் போகவேண்டும். ஜூலியா மார்கரட் கமரன், கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. இங்கிலாந்தில் டார்வினையும் கவிஞர் டெனிசனையும் எடுத்துப் புகழடைந்தவர். ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சத்தை வாங்கி, மறு கன்னத்தை இருளில் விட்டு, கூர்மை சற்றுக் கலைந்த முகமாக எடுப்பது அவர் பாணி. 1875இல் கணவரின் கோப்பித் தோட்டங்களுக்காக இலங்கைக்கு வந்தார், 1879இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவை தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. களுத்துறையிலும் தோட்டங்களிலும் உழைத்த மக்களை அவர் எடுத்த சில படங்கள் தப்பியிருக்கின்றன. டார்வினுக்குக் கொடுத்த அக்கறையோடுதான் எடுத்திருக்கிறார். ஆனால் படத்தின் கீழே பாருங்கள். அங்கே ‘சார்ல்ஸ் டார்வின்’ என்று இருக்கும். இங்கே ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்று இருக்கும். களுத்துறையில் அவர் வீட்டுக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தின் படத்துக்குப் பெயர் உண்டு. உழைத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. படத்தின் பொருளில் பாதி அதன் கீழே எழுதும் ஒரு வரியில் இருக்கிறது.

வெலிகமவில் 1995இல் ஸ்டீவ் மக்கரி எடுத்த படத்தை நீங்கள் அநேகமாகப் பார்த்திருப்பீர்கள். கடலுக்குள் நட்ட கம்புகளில் குந்தியிருந்து தூண்டில் போடும் மனிதர்கள். நெட்டுக் கோடுகளாகக் கம்புகள், அவற்றைக் குறுக்கே அறுக்கும் அலை. கட்டமைப்பில் குறை சொல்ல இடமில்லை. உலகம் இலங்கை மீனவர் என்றால் இதைத்தான் நினைக்கிறது. ஆனால் அந்தக் கம்புகளில் இன்று ஏறியிருக்கும் பலர் சுற்றுலாப் பயணிகளின் கமராவுக்காகவே காசு வாங்கி ஏறியிருக்கிறார்கள். கரைவலை இழுக்கும் சல்லிக்காரரோ, வாடைக்காலத்தில் தொழில் இல்லாமல் வலை பொத்தும் குடும்பமோ அந்தச் சட்டகத்துக்குள் வருவதில்லை. 2016இல் மக்கரியின் சில படங்களில் கணினியால் பொருட்களும் ஆட்களும் நீக்கப்பட்டிருந்தது வெளியே வந்தபோது, தன்னைக் காட்சிக் கதைசொல்லி என்று அழைத்துக்கொண்டார். படத்தைப் பார்ப்பவர் அதையும் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

இனி நமக்கு மிக நெருக்கமான ஒரு படம். 2004 டிசம்பர் 26 காலை இந்தக் கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே அலை எதிர்க்கரையில் கடலூரையும் அடித்தது. 28ஆம் திகதி கடலூரில் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் அர்க்கோ தத்தா எடுத்த படம், அந்த ஆண்டுக்கான உலகப் பத்திரிகைப் படப் பரிசைப் பெற்றது.

மணல். மணலில் விழுந்து அழும் ஒரு பெண். கைகள் இரண்டும் விரிந்து, உள்ளங்கைகள் மேலே திரும்பிக் கிடக்கின்றன. படத்தின் விளிம்பில், இறந்துபோன உறவினரின் கை மட்டும் உள்ளே வருகிறது. உடல் இல்லை, முகம் இல்லை.

தத்தா ஓரடி தள்ளி நின்றிருந்தால் முழு உடலும் விழுந்திருக்கும். நம் கண் நேரே அதனிடம் ஓடியிருக்கும். ஒரு பிரேதத்தைப் பார்த்தோம், ஐயோ என்றோம், பக்கத்தைத் திருப்பினோம் என்று போயிருக்கும். இப்போது நம் கண் போக இடமில்லாமல் உயிருள்ள கைகளுக்கும் உயிரற்ற கைக்கும் நடுவே அலைகிறது. அந்த இடைவெளியில் இருப்பது வெறும் மணல்தான். படத்தின் துயரம் முழுவதும் அந்த மணலில் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது சுனாமிப் படம், ஆனால் இதில் கடல் இல்லை. கமரா மேலிருந்து கீழே பார்ப்பதால் வானமும் இல்லை. அந்த நாட்களில் பத்திரிகைகளில் வந்த எத்தனையோ படங்கள் கவிழ்ந்த வள்ளங்களையும் தரைமட்டமான ஊர்களையும் தூரத்திலிருந்து காட்டின. அவற்றில் அழிவின் அளவு தெரிந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்த ஓர் அழிவில், ஒருத்திக்கு என்ன நேர்ந்தது என்பதை அடிவானமே இல்லாத இந்தப் படம்தான் காட்டியது. தப்பிப் போக ஒரு மூலைகூட இல்லாத சட்டகம் அது.

விழுந்து கிடக்கும் பெண்ணின் தலைக்கு மேல் நின்று படம் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். என் பதில், இந்தப் படத்தை எடுத்தது சரி. அந்தப் பெண்ணின் கண்களைத் துரத்திக்கொண்டு தத்தா போகவில்லை. இதே தத்தா 2002 குஜராத் கலவரத்தில் கைகூப்பி உயிருக்கு மன்றாடிய ஒருவரை எடுத்திருந்தார். அங்கே கண்ணீர் நிறைந்த முகமும் கூப்பிய கைகளும்தான் படமே. அந்த முகம் நாடெங்கும் பரவியதால் அந்த மனிதர் வேலை இழந்தார், ஊர் ஊராக மாறவேண்டி வந்தது. உலகம் அறியவேண்டிய படம் அது. அதற்கான விலையைக் கொடுத்தவர் படத்தில் இருந்தவர்.

கைகளைப் பற்றிப் பேசும்போது ஹென்றி கார்த்தியே-பிரெஸோன் 1948இல் சிறீநகரில் எடுத்த படத்தை விட்டுவிட முடியாது. ஹரி பர்பத் குன்றின் சரிவில், விடியற்காலையில், முக்காடிட்ட பெண்கள் நமக்கு முதுகு காட்டியபடி நிற்கிறார்கள். நடுவில் ஒருத்தி உள்ளங்கைகளைத் தூர மலைகளை நோக்கி நீட்டியிருக்கிறார். அங்கும் விரிந்த கைகள்தான். ஆனால் அடிவானம் திறந்திருக்கிறது, வெளிச்சம் மெல்லியது, கமரா அவர்களுடைய உயரத்திலேயே நிற்கிறது. ஆகவே அது பிரார்த்தனை. கடலூரில் வானத்தை வெளியே விட்டதும் அதே சைகை கேட்பாரற்ற கதறலாகிறது.

கடைசியாக, அழகுக்கு இடமே இல்லாத சில படங்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்பதுதான் படைத்தரப்பின் முதல் விளக்கம். ‘சுடர் ஒளி’ பத்திரிகையின் ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அந்த உடல்களைப் படம் எடுத்தார். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததை அந்தப் படங்கள் காட்டின. விளக்கம் நிற்கவில்லை. மூன்று கிழமை கழித்து, ஜனவரி 24ஆம் திகதி காலை, திருகோணமலை நகரில் சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வென்டையும் பிரெஸோனையும் பற்றிப் பேசும் உரையில் இவருக்கு என்ன இடம் என்று யாரும் கேட்கக்கூடாது. காயம் தெரியவேண்டும், அது எந்தப் பக்கம் என்பது தெரியவேண்டும், யாருடையது என்பது தெரியவேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காகக் கமராவைக் கிட்டக் கொண்டுபோவதும் கட்டமைப்புத்தான். எதையும் மறைக்காத வெளிச்சமும் ஒரு தேர்வுதான். உலகப் பரிசு பெற்ற எந்தப் படத்துக்கும் இவை குறைந்தவை என்று நான் நினைக்கவில்லை. ஐந்து மாணவர்களின் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019இல் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். படங்கள் இருக்கின்றன.

சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில் அலைக்கும் போருக்கும் தப்பிய படங்கள் சில இருக்கும். கோவில் பொங்கல், கலியாண வீடு, கரையில் ஏற்றிய வள்ளம், பள்ளிக்கூடத்து வகுப்பு. படத்தில் இருப்பவரின் முழுப் பெயர், இடம், ஆண்டு, எடுத்தவர் யார் என்பவற்றை வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, அல்பத்தின் தாளில் பென்சிலால் எழுதுங்கள். படத்தின் முதுகில் பேனையால் எழுதவேண்டாம், மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும். கைபேசியில் உள்ள படங்களுக்கும் இதையே செய்து, ஒரு பிரதியை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். இந்தக் கிழமையே தொடங்குங்கள்.