சிறைச்சாலைக்காரனின் கேள்வி



விழுந்துபோன ஒரு மனிதன் வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்க முடியுமா என்ற கேள்விக்குக் கிறிஸ்தவம் சொல்லும் விடை 'மறுபடியும் பிறத்தல்' என்பது. இரவு வேளையில் இயேசுவைத் தேடிவந்த நிக்கொதேமு என்ற பெரியவர் கேட்டுத் திகைத்த சொல் இது. சைவச் சூழலில் வளர்ந்த நம்மையும் அது திகைக்க வைக்கும். பிறவாமையை வரமாகக் கேட்ட காரைக்கால் அம்மையாரின் மரபு நம்முடையது. நமக்கு மறுபிறப்பு இறக்கி வைக்க வேண்டிய சுமை; அவர்களுக்கோ இந்த உடம்போடு, இந்த ஆயுளுக்குள்ளேயே கிடைக்கக்கூடிய வாய்ப்பு.

அந்த வாய்ப்பு ஒருவனை எவ்வளவு தூரம் மாற்றுகிறது, எந்த இடத்தில் மாற்றாமல் விட்டுவிடுகிறது? இதைப் பார்க்க நான் தூரதேசம் போகப்போவதில்லை. எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூருக்கே போகிறேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன்னர் லோஞ்சில் அக்கரை சேர்ந்தவர்களுக்கு அந்தக் கடல் நன்றாகத் தெரியும். அங்கே 'வெள்ளைக்காரன் மரம்' எனப்பட்ட புளியமரத்தின் இடத்தில் ஒரு கல் நாட்டப்பட்டிருக்கிறது. 1660இல் றொபேட் நொக்ஸ் பிடிபட்டது இவ்விடத்தில் என்பதே அக்கல் சொல்லும் செய்தி.

கிறிஸ்தவம் இந்தத் துறைமுகத்துக்கு வந்த விதம் இனிமையானதல்ல. கோணேசர் கோயிலை 1622இல் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டிய போர்த்துக்கேயரும் அதே வேதத்தைப் போற்றியவர்கள்தாம். நொக்ஸ் மதம் பரப்ப வந்தவரல்லர். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற கப்பல், புதுமரம் நாட்டவும் வியாபாரம் செய்யவும் கொட்டியாரத்துக்கு வந்தது. தலைவர் றொபேட் நொக்ஸ். அவருடைய மகனும் றொபேட் நொக்ஸ், வயது பத்தொன்பது. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் சேர்த்துப் பதினாறு பேரைப் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோயினர். ஊர் ஊராகப் பிரித்து வைத்தார்கள். விலங்கில்லை, கிராமத்தவர்களே சோறு போட்டார்கள்.

அடுத்த ஆண்டு பெப்ரவரியில் தந்தை காய்ச்சலில் இறந்தார். நோயில் எழும்ப முடியாமற் கிடந்த மகன், புதைப்பதற்கு அயலவரிடம் உதவி கேட்டான். மாடு கட்டும் கயிறொன்று வந்தது, பிணத்தைக் காட்டுக்கு இழுத்துச் செல்வதற்கு! பின்னர் கூலிக்கு ஒருவரைப் பிடித்துத் தந்தையை அடக்கம் செய்தான். துணைக்கு எஞ்சியவை இரண்டு பக்தி நூல்கள். வாசித்து வாசித்து அவை ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன.

அந்தக் காலத்தில் ஒருநாள், ஓடையில் மீன்பிடித்துக்கொண்டிருந்த நொக்ஸை ஒரு கிழவர் கண்டார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது கிடைத்த புத்தகமொன்று தம்மிடம் இருக்கிறது என்றார். வாங்கிப் பார்த்தால் ஆங்கில வேதாகமம்! விரித்ததும் கண்ணில் பட்டது அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம். இரட்சிக்கப்பட நான் என்ன செய்யவேண்டும் என்று ஒருவன் கேட்கும் இடம். நொக்ஸ் மகிழ்ந்தார், அஞ்சினார். தமக்காகவே அப்பக்கம் திறந்ததாக எண்ணினார். அந்த நாளிலிருந்து அவருடைய தனிமையின் தன்மை மாறியது. தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், வீடு கட்டினார். தப்பும் எண்ணத்தை மாத்திரம் விடவில்லை. 1679இல் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழருடன் சிறுவியாபாரி வேடத்தில் புறப்பட்டு, அநுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயா வழியே ஒக்டோபர் 18இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். பத்தொன்பதரை வருடங்கள். அங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்ட மாலுமிகளும் உண்டு. அவர்களும் புதுவாழ்வு தொடங்கியவர்களே, ஆனால் புத்தகம் எழுதவில்லை.

நொக்ஸ் எழுதினார். 1681இல் வெளிவந்த அவருடைய இலங்கை வரலாற்று நூலை நாம் அறிவோம். டீபோவின் 'றொபின்சன் குறூசோ'வுக்கு அதுவும் ஒரு விதையென்று அறிஞர் கருதுவர். என்னை உறுத்துவது அதுவல்ல. அந்த 16ஆம் அதிகாரத்தை ஆறுதலாகத் திருப்பி வாசிக்கும்போது ஒன்று புலனாகிறது. அந்தக் கேள்வியைக் கேட்டவன் கைதியல்லன், காவற்காரன். பழைய தமிழ் வேதாகமம் அவனைச் 'சிறைச்சாலைக்காரன்' என்கிறது. நள்ளிரவில் பூமி அதிர்ந்து கதவுகள் திறக்கின்றன. கைதிகள் ஓடிவிட்டார்களென்று நினைத்து அவன் வாளை உருவித் தன்னைக் கொல்லப் போகிறான். எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம் என்று பவுல் சத்தமிடுகிறார். அதன்பிறகே அந்தக் கேள்வி பிறக்கிறது. விடை கிடைத்த அதே இராத்திரியில், தான் தொழுமரத்தில் மாட்டிவைத்தவர்களின் காயங்களைக் கழுவி, வீட்டுக்கு அழைத்துச் சென்று சோறும் போடுகிறான். பவுலுக்குப் புதுவாழ்வு தேவைப்படவில்லை. சாவியைக் கையில் வைத்திருந்தவனுக்கே தேவைப்பட்டது.

கைதியாக இருந்த நொக்ஸ் அந்தக் கேள்வியைத் தமது என்று எடுத்துக்கொண்டதில் பிழையில்லை. ஆனால் சாவி பிறகு அவர் கைக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பனி அவரைக் கப்பற்றலைவராக்கியது. 1680களில் அவர் மடகஸ்காருக்குக் கப்பலோட்டினார். எதற்கு? சென் ஹெலினாத் தீவுக்கு அடிமைகளை வாங்கி வர! கடலோரத்தில் பிடிபட்டு, உறவைப் பிரிந்து, அந்நியமண்ணில் வாழ்வது எப்படியென்று ஆங்கிலத்தில் அவரளவுக்கு எழுதியவர் அன்று எத்தனை பேர்? அந்தக் கை அடிமைகளுக்கு விலை பேசியது. ஆண்டவர் தம்மை விடுவித்தார் என்று அவர் நன்றியோடு நம்பியதை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். பத்தொன்பது வருடம் அவரை உடையாமற் காத்தது அந்த நம்பிக்கை. விடுதலை தமக்கு மாத்திரம் உரியதென்று எண்ணியதே குறை.

காலம் அப்படி என்று சொல்வார்கள். ஜோன் நியூற்றன் 1748இல் கடற்புயலில் மனந்திரும்பினார். அதன் பின்னரும் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராக இருந்தார். அந்த வியாபாரத்துக்கு எதிராக அவருடைய நூல் வெளிவந்தது 1788இல். மனம் திரும்புவதற்கும் கை திரும்புவதற்கும் இடையில் நாற்பது வருடம். நொக்ஸ் 1720இல் இறந்தார்.

இன்னொருவனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. கப்பற்றலைவர் தம் ஏவலுக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்திருந்தார். நம் சோழமண்டலக் கரைப் பையன். நொக்ஸின் நூலில் அவன் வெறும் 'கறுப்புப் பையன்'. தன் எசமான் தன் நிறத்தவர் கையில் கைதியானதைக் கண்ட பின், மனம் வந்தால் மாத்திரமே அவன் சொற்கேட்டானாம், நொக்ஸ் குறைப்படுகிறார். எனக்கோ, மூதூரில் பிடிபட்டவர்களுள் புதுவாழ்வை முதலில் மணந்துகொண்டவன் அவன்தான் என்று படுகிறது. ஓடைக்கரையில் நொக்ஸுடன் நின்றதும் ஒரு பையனே. வேதாகமத்தைக் கண்ட பரவசத்தில், கையிலிருந்த ஒரேயொரு வராகனையும் நொக்ஸ் கொடுக்கத் துணிந்தார். பையன் தடுத்தான். காசு வேறு தேவைக்கு வேண்டும், புத்தகத்தில் ஆசையில்லாதவர்போல் இருங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்றான். பேசினான். பின்னிய தொப்பி ஒன்றைக் கிழவரிடம் கொடுத்துவிட்டு, நொக்ஸ் புத்தகத்தோடு வீடு திரும்பினார்.