எத்தனை ஆதன், எத்தனை சாத்தன்!

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யாருடைய நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ அவர் வாழ்நாள் முழுவதும் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். வருகைப் பதிவேட்டில் ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள் இருந்தால் என்ன செய்வது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இதே சங்கடம் சங்க காலத்திலும் இருந்தது. அந்த நாளில் ஒரே பெயரை யார் யார் வைத்துக்கொண்டார்கள், அதிலிருந்து அந்தச் சமூகத்தைப் பற்றி என்ன தெரிகிறது என்பதே இன்றைய என் உரை.

1. அரசனும் பொற்கொல்லனும்

கரூருக்கு அருகே புகலூரில் ஆறுநாட்டான் மலை இருக்கிறது. அங்கே செங்காயபன் என்ற சமணத் துறவிக்குக் கல்லில் உறைவிடம் வெட்டிக் கொடுத்த செய்தி தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கொடுத்தவன் சேர அரச குடும்பத்து இளங்கடுங்கோ. அவன் தந்தை பெருங்கடுங்கோ. பாட்டன் கோ ஆதன் செல்லிரும்பொறை. மூன்று தலைமுறையை வரிசையாகச் சொல்லும் அரிய கல்வெட்டு அது.

இனி மதுரைக்கு வடக்கே அழகர்மலைக்கு வாருங்கள். அங்குள்ள குகைத்தளத்தில் கொடையாளர்களாகப் பெயர் பொறித்துக்கொண்டவர்கள் உப்பு வணிகன், அறுவை (துணி) வணிகன், கொழு (கலப்பை முனை) வணிகன் போன்ற உழைப்பாளிகளும் வியாபாரிகளும். அவர்களில் ஒருவன் மதுரைப் பொற்கொல்லன். அவன் பெயர் ஆதன் ஆதன், அதாவது ஆதன் மகன் ஆதன்.

கரூரில் அரியணையில் இருந்தவனும் ஆதன், மதுரையில் ஊதுலை முன் உட்கார்ந்திருந்தவனும் ஆதன். இன்னொரு ஆதன் கீழடியில் கிடைத்தான். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ என்று கீறப்பட்ட பானை ஓடுகள் உள்ளன. அந்தப் பானைக்காரர் என்ன தொழில் செய்தார் என்று ஓடு சொல்லவில்லை. பானையில் பெயர் எழுதி வைக்கத் தெரிந்தவர், அல்லது எழுதச் சொல்லத் தெரிந்தவர் என்பது மட்டும் உறுதி.

ஆதனைப் போலவே பரவிய பெயர் சாத்தன். பாண்டியர் குடியில் கீரஞ்சாத்தன். ஒல்லையூரில் வள்ளலாக இருந்து மறைந்தவன் பெருஞ்சாத்தன். மதுரையில் தானியம் விற்ற கூலவாணிகனும் சாத்தன். நாணயம் நோட்டம் பார்க்கும் வண்ணக்கர் தொழிலோடு பெயர் சேர்ந்து வரும் புலவர் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார். ஒக்கூரில் மாசாத்தனார் என்றொரு புலவர்; அதே ஊரில் மாசாத்தியார் என்றொரு பெண்பாற் புலவர். செங்கடல் கரையில், எகிப்தின் குசேர் அல்-காதிம் துறைமுகத்தில் கிடைத்த ஓட்டிலும் சாத்தன் பெயர் தமிழ்ப் பிராமியில் இருக்கிறது. கப்பலேறிப் போன சாத்தன் அவன்.

பூதன் என்ற பெயரும் அப்படியே. ஒல்லையூரை வென்ற பூதப்பாண்டியன் அரசன். முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன் வணிகர் மகன். சேந்தம்பூதனார் மதுரையில் எழுத்தாளர். அந்தப் பூதப்பாண்டியன் தன் வஞ்சினப் பாட்டில் உயிர் நண்பர்களின் பெயர்களை அடுக்குகிறான். அதிலே அந்துவஞ்சாத்தனும் இருக்கிறான், ஆதன் அழிசியும் இருக்கிறான்.

2. இலக்கணத்தின் சாட்சி

இவையெல்லாம் எவ்வளவு சாதாரணமான பெயர்கள் என்பதற்குத் தொல்காப்பியமே சாட்சி. பெயரோடு ‘தந்தை’ என்ற சொல் சேரும்போது என்ன ஆகும் என்று எழுத்ததிகாரம் பேசுகிறது. அங்கே ஆதனுக்கும் பூதனுக்கும் தனி விதி வகுத்திருக்கிறது. ஆதன் தந்தை ஆந்தை ஆவார். பூதன் தந்தை பூந்தை ஆவார். இரண்டு மனிதப் பெயர்களுக்காக ஒரு நூற்பா எழுத வேண்டுமென்றால், அந்தப் பெயர்கள் தெருவுக்குத் தெரு ஒலித்திருக்க வேண்டும். பிசிராந்தையார் என்ற பெயரையும் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த ஆதனின் தந்தை என்றே விளக்குவார்கள். கோப்பெருஞ்சோழனின் பெரும் நண்பரை நாம் மகன் பெயரால்தான் அறிகிறோம்.

பிற்கால உரையாசிரியர்களுக்கும் எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆள் வேண்டுமென்றால் சாத்தன் வருவான். இல்லாவிட்டால் கொற்றன் வருவான்.

3. ஆளைப் பிரித்தது எது?

இத்தனை ஆதனையும் சாத்தனையும் எப்படி அடையாளம் கண்டார்கள்? பெயருக்கு முன்னே வந்த ஊர், தொழில், தந்தை பெயர் ஆகிய மூன்றும் அந்த வேலையைச் செய்தன. ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்பதில் ஊர் இருக்கிறது, தந்தையின் ஆசிரியத் தொழில் இருக்கிறது, பிறகுதான் பெயர். ஒருவர் எந்த நிலையில் இருந்தார் என்பதைச் சொன்னது அடைமொழியே. ஆதன் என்று மட்டும் கேட்டவருக்கு, வந்தவன் யானைமேல் வந்தானா, நடந்து வந்தானா என்று தெரியாது.

இதைச் சமத்துவம் என்று நான் சொல்ல மாட்டேன். புகலூர் ஆதனுக்குப் பேரன் வரை கல்லில் இடம் கிடைத்தது. கீழடி ஆதனுக்கு உடைந்த பானைதான் ஆவணம். வாழ்வில் ஏற்றத்தாழ்வு இருந்தது. ஆனால் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் இடத்தில் அது காவல் நிற்கவில்லை.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்றாகிவிட முடியாது. புகலூர் ஆதனைப் பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய செல்வக் கடுங்கோ வாழியாதனோடு ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர்கள் இணைத்தார்கள் என்றால், பெயரை மட்டும் நம்பி அல்ல. தந்தை, மகன், பேரன் வரிசையும் சேர நாட்டு இடமும் பொருந்தி வந்ததால். கீழடி ஓட்டைப் பார்த்தவுடன் ‘சேர மன்னன் பானை’ என்று துள்ளுவதற்கு அந்தத் துணைச் சான்றுகள் எதுவும் இல்லை. அப்படித் துள்ளுகிறவர் அரசனுக்குப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. வரலாற்றில் கிடைத்த ஒரே இடத்தையும் ஒரு சாதாரண மனிதரிடமிருந்து பறித்துவிடுகிறார்.

4. பெயருக்குப் பின்னே

காலம் செல்லச் செல்ல அடைமொழி இடம் மாறியது. முன்னே இருந்த ஊரும் தொழிலும் தேய, பின்னே சாதிப் பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. பட்டம் இல்லாதவரின் பெயரே அவரைக் காட்டிக்கொடுத்தது. ஒரு சாராருக்கு மரியாதையான பெயர் வைக்கவே அனுமதி இல்லை என்ற நிலையும் வந்தது.

1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பட்டம் மெல்ல உதிர்ந்தது. ஊர் பெயரும் தந்தை பெயரும் முன்னெழுத்தாகத் திரும்பி வந்தன. தனித்தமிழ், திராவிட இயக்கங்களின் காலத்தில் செழியனும் சேரனும் பாரியும் இளங்கோவும் கூலிக்காரர் வீட்டுத் தொட்டிலுக்கு வந்தார்கள். அழகர்மலையில் ஆதன் என்ற பெயர் அனுபவித்த சுதந்திரத்தைத் தமிழர் மீண்டும் கேட்டுப் பெற்ற நிகழ்ச்சியாகவே இதைப் பார்க்கிறேன்.

ஆனால் வேலை முடியவில்லை. பெயர் எதையும் சொல்லாதபோது, ‘தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?’ என்று நம்மவர் கேட்கிறார்கள். இரண்டு செந்தில்களைப் பிரித்தறிய அல்ல, சாதியை மோப்பம் பிடிக்கவே அந்தக் கேள்வி. சங்க காலத்து ஊர்ப்பெயர் ஒருவர் யார் என்று சொல்ல வந்தது. இந்தக் கேள்வி ஒருவரை எங்கே நிறுத்துவது என்று முடிவுகட்ட வருகிறது. சட்டத்தாலோ தீர்மானத்தாலோ மட்டும் அதை நிறுத்த முடியாது. கேட்கப்படுகிறவர் பதில் சொல்ல மறுக்கலாம். அருகில் நிற்கிறவர் கேட்கிறவரைத் தடுக்கலாம். தமிழ் படித்தவர்கள் அந்த இடத்தில் முதலில் வாய் திறக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.