யாருடைய பிள்ளைகளுக்கு, யார் கட்டிய பள்ளி

(குன்னூரில் மாணவர்களும் தோழர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



கவிதை பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கவிதை இன்னொரு நாள் ஆகட்டும், ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "அது நம்ம பள்ளிக்கூடம் இல்லையே" என்றார் ஏற்பாடு செய்த தோழர். அதனால்தான் பேசணும் என்றேன்.

என் அம்மாயி இந்த மலையில் ஒரு போர்டிங் பள்ளியில் ஆயா வேலை பார்த்தவர். எந்தப் பள்ளி என்பது இங்கே முக்கியமில்லை. சலவை முடிந்து துணி மலைபோல் வந்து குவியும். சட்டைக் காலர், சாக்ஸ், தலையணை உறை எல்லாவற்றிலும் அந்தந்தப் பிள்ளையின் பெயரை நாடாவில் எழுதித் தைத்திருப்பார்கள். இங்கிலீஷ் எழுத்து. அம்மாயிக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. எழுத்தின் உருவத்தை வைத்துத் துணியைப் பிரிப்பார். "ஏணி மாதிரி ஒண்ணு, பக்கத்துல ரெண்டு முட்டை, அப்புறம் ஒரு கொக்கி. அது நீலக்கண்ணு பாப்பாவோடது" என்பார். ஒருநாளும் துணி மாறியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. நாற்பது பிள்ளைகளின் பெயரை உருவமாகவே மனசில் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு இருபத்தாறு எழுத்தைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று அந்தக் கட்டிடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று அம்மாயி சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்குக் கம்பளி கொடுத்தார்கள் என்றுதான் சொல்வார்.

இப்போது நான் வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வரிசையில் ஒருவர் மகனின் போர்டிங் கட்டணத்தை லட்சங்களில் அனுப்ப நிற்கிறார். அவருக்குப் பின்னால் எஸ்டேட் அம்மா ஒருவர் கைநாட்டு வைத்து முன்னூறு ரூபாய் எடுக்க நிற்கிறார். பெயர் சொல்லக்கூடாது, எங்கள் தொழில் விதி. ஆனால் இந்த வரிசை எப்படி உண்டானது என்று கேட்பதற்குத் தடை ஒன்றும் இல்லை. அப்படித்தான் ஹெப்ரான் பள்ளியின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

ஹெப்ரான் என்பது பைபிளில் நாம் எபிரோன் என்று படிக்கிற ஊர்தான். யோசுவாவின் புத்தகத்தில் அது அடைக்கலப் பட்டணங்களில் ஒன்று. பள்ளி தொடங்கியது 1899-இல், இதே குன்னூரில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1899-தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சமவெளியில் காலரா, மலேரியா, வெயில். பெற்ற பிள்ளையை ஆறு ஏழு வயதில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினால் மறுபடி பார்க்க வருஷக்கணக்காகும். ஊர் ஊராய்ச் சிதறிக் கிடந்த மிஷனரிகள், மலையேற வண்டி வந்த நேரத்தில், தங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியை மலைமேல் வைத்துக்கொண்டார்கள். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1901-இல் செய்ததும் இதையேதான்.

மலையில் இதற்கு முன்பே பள்ளிகள் உண்டு. லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி 1858-இல், வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக. உதகையில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளி 1874-இல், நீலகிரியின் முதல் கமிஷனர் பெயரில். அவை அரசாங்கத்தோடும் பட்டாளத்தோடும் ஒட்டியவை. ஹெப்ரானின் கதை வேறு. அது எந்தச் சர்க்காரும் கட்டிக் கொடுத்ததல்ல. எங்கும் பெரும்பான்மையாக இல்லாத ஒரு சிறு கூட்டம், தன் சபைகளின் காணிக்கையையும் தன் ஆட்களின் உழைப்பையும் வைத்துக் கட்டியது. 'சுயேச்சைப் பள்ளி' என்ற சொல்லுக்கு அர்த்தம் இங்கேதான் பிடிபடுகிறது.

சுயேச்சை என்றால் யாரிடமிருந்து? முதலில் பாடத்திட்டத்திலிருந்து. பிள்ளைகள் பிற்பாடு எங்கே போய்ப் படிக்கப் போகிறார்களோ அந்த நாட்டுப் பாடம். இன்றும் அங்கே பிரிட்டிஷ் முறைதான்; கேம்பிரிட்ஜ் தேர்வுகள்தான். அடுத்தது மானியத்திலிருந்து. 1854-இல் வுட் அறிக்கை வந்தபிறகு சென்னை மாகாணத்தில் மிஷன் பள்ளிகள் பலவும் அரசு மானியம் வாங்கின. மானியத்தோடு இன்ஸ்பெக்டரும் வருவார், விதியும் வரும். மானியத்தை நம்பாதவனுக்கு அந்தக் கவலை குறைவு. மூன்றாவது, ஆசிரியர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஆசிரியர்கள் பலர் தங்கள் ஊர்ச் சபையின் ஆதரவில் வந்து வேலை செய்கிறவர்கள். சம்பளப் பட்டியலைப் பார்த்து வேலைக்கு வருகிற வாத்தியாரை வைத்து இப்படியொரு பள்ளியை நூறு வருஷத்துக்கு மேல் நடத்த முடியாது. வங்கிக்காரனாக இதைச் சொல்கிறேன்: எந்த நிறுவனத்திலும் பெரிய செலவு சம்பளம்தான். அந்தப் பாரத்தைச் சபைகள் பங்குபோட்டுத் தாங்கின.

1947-க்குப் பிறகு வெள்ளையர்கள் கிளம்பினார்கள். மிஷனரிகளும் குறைந்துகொண்டே வந்தார்கள். மலைப்பள்ளிகளுக்குப் பிள்ளைகளும் குறைந்தார்கள். 1974-இல் ஹெப்ரான், உதகையிலிருந்த லஷிங்டன் ஆண்கள் பள்ளியோடு இணைந்தது. குன்னூரை விட்டுத் தாவரவியல் பூங்காவை அடுத்த லஷிங்டன் வளாகத்துக்குப் போனது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளியாயிற்று. மிஷனரி பிள்ளைகளோடு பிற வெளிநாட்டுப் பிள்ளைகளும் வசதியுள்ள இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். யாருக்காகத் தொடங்கியதோ அவர்கள் குறைந்தபோதும் பள்ளி சாகவில்லை, உருமாறிக்கொண்டது. இந்தச் சாமர்த்தியம் நம் அமைப்புகளுக்கு இருந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். தலைவர் செத்தால் சங்கம் செத்துப்போகிறது நம்மிடத்தில்.

சரி, இதில் நமக்கு என்ன?

1899-க்கு எட்டு வருஷம் பின்னால் போங்கள். 1891 டிசம்பர் 1. இதே மலை, உதகமண்டலம். திராவிட மகாஜன சபையின் முதல் மாநாடு. கூட்டியவர் அயோத்திதாசப் பண்டிதர். அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஒரு வெள்ளைக்கார துரையிடம் பட்லராக இருந்தவர்; பண்டிதர் வளர்ந்தது இந்த நீலகிரியில். இரட்டைமலை சீனிவாசனும் 1890-இல் சென்னைக்குப் போகும்வரை இங்கே ஐரோப்பியக் கம்பெனியில் கணக்கு எழுதியவர்தான். சமையல்காரர், பட்லர், கணக்குப்பிள்ளை, ஆயா என்று துரைவீட்டுப் பின்கட்டில் நின்றவர்களிலிருந்துதான் நம் அரசியல் கிளம்பியது. அந்த மாநாட்டில் பத்துத் தீர்மானங்கள். நம்மவர் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும், அவற்றில் நம்மவரே ஆசிரியராக வேண்டும், மேலே படிக்க உதவித்தொகை வேண்டும், பொதுக் கிணறும் குளமும் வேண்டும் என்று கேட்டார்கள். மறு ஆண்டு, 1892-இல், சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நீலகிரியின் பிரதிநிதியாகப் போய் நின்றார் பண்டிதர். கோயில் நுழைவு பற்றிக் கேட்டதும் கூச்சல் எழுந்தது. அப்படியானால் நான்காம் வகுப்பு வரையாவது இலவசப் படிப்புக் கொடுங்கள், தரிசு நிலம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கித் தீர்மானமாக்கினார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே மலை, எட்டு வருஷ இடைவெளி. ஒரு கூட்டம் தன் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இன்னொரு கூட்டம் பள்ளியைக் கட்டியது.

அவர்களிடம் கடல் கடந்து வரும் காணிக்கை இருந்தது, சொத்து வாங்கும் உரிமை இருந்தது, கலெக்டரோடு ஒரே மேசையில் தேநீர் குடிக்கும் நிறம் இருந்தது. நம்மிடம் பட்லரின் மாதச் சம்பளம் இருந்தது. இதை மறந்துவிட்டு 'நாமும் செய்திருக்கலாமே' என்று பேசுவது அநியாயம். ஆனால் இதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. நம் கோரிக்கை அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1893-இல் வந்த அரசாணையைப் பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்றே கொண்டாடினார்கள். அதன் வழியில் பஞ்சமர் பள்ளிகள், பிற்பாடு ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், விடுதிகள் என்று வந்தன. நான் படித்ததே நல விடுதிச் சோற்றில்தான். அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தப் பள்ளியில் என்ன பாடம், யார் ஆசிரியர் என்பதைச் சேரி ஒருநாளும் தீர்மானித்ததில்லை. நம்மவரே ஆசிரியர் என்ற 1891 கோரிக்கையின் உயிர் அங்கேதான் போனது.

சொந்தமாகக் கட்டியவர்களும் உண்டு. 1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1925-இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தார். 1945-இல் மக்கள் கல்விக் கழகம், 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. அண்ணல் விடுதியில் தொடங்கியதை நான் சும்மா சொல்லவில்லை. சிதறிக் கிடக்கிறவர்களுக்கு விடுதிதான் பள்ளி. மிஷனரிகள் அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஊருக்கு ஒரு குடும்பமாகக் கிடந்தவர்கள் பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்தார்கள். நாமும் ஊருக்கு வெளியே ஒரு தெருவாகச் சிதறிக் கிடப்பவர்கள்தானே.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. சமவெளிச் சேரியில் பள்ளி நடத்தி, அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த பாதிரியார் தன் பிள்ளையை அந்தப் பள்ளியில் உட்கார வைக்கவில்லை. மலைக்கு அனுப்பினார். நம் பிள்ளைக்கு ஒரு பள்ளி, தன் பிள்ளைக்கு ஒரு பள்ளி. ஒரே சுவிசேஷம்தான், பெஞ்சுதான் வேறு. பாடமும் மொழியும் வேறு என்பதற்கு நியாயம் சொல்லலாம், நோய்க்குப் பயந்ததற்கும் சொல்லலாம். மலைமேலேயே, சீதோஷ்ணம் ஒன்றாக இருந்த இடத்தில், ஆயாவின் பிள்ளைக்கும் அந்தப் பாப்பாவுக்கும் நடுவில் இருந்த சுவருக்கு என்ன நியாயம்? நம் பெண்கள் அந்தப் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்ட நேரத்தில் அவர்கள் பெற்ற பிள்ளைகள் லைன் வீட்டு வாசலில் மூக்கொழுகிக் கிடந்தார்கள். என் அம்மா அப்படிக் கிடந்தவர்.

அந்த லைன்களுக்கும் சட்டம் இருந்தது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகள் இருபத்தைந்துக்கு மேல் இருந்தால், எஸ்டேட்காரர் கல்வி வசதி செய்ய விதி போடலாம் என்று அரசுக்குச் சொன்னது. பன்னிரண்டு வயசு! அதற்கப்புறம் கூடையைத் தூக்க வேண்டியதுதான் என்று சட்டமே கணக்குப் போட்டு வைத்திருந்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். அங்கேயும் வேலைதான் முதலில், படிப்பு பிறகு.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் நலிந்தவர்களுக்கு 25 விழுக்காடு இடம் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைச் சந்தேகித்துப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்றார்கள். இதோடு 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணையைச் சேர்த்துப் படியுங்கள். கிறித்தவராய்ப் போன தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லை. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கதவு திறந்தது, இவர்களுக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஆக, பட்டியல் சாதிச் சலுகை கேட்டு அரசு அலுவலகத்தில் நின்றால் 'நீ கிறிஸ்டியன்' என்கிறார்கள். கட்டணப் பள்ளியின் கேட்டில் போய் நின்றால் அங்கே அவன் வெறும் ஏழை. சிறுபான்மை உரிமை என்கிற கேடயத்தை நான் உடைக்கச் சொல்லவில்லை, இன்றைய நாட்டில் அது வேண்டும். ஆனால் அந்தக் கேடயத்துக்குப் பின்னால் நிற்கிற சபையில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்கள் பிள்ளைக்கு இடமெங்கே என்று கேட்க வேண்டியது சபைக்குள் இருக்கிற நம் தோழர்கள்.

வேலைத்திட்டம் என்று பெரிதாக எதுவும் கொண்டுவரவில்லை. ஒன்றே ஒன்று. மலைப்பள்ளிகளில் தலைமையாசிரியர் பெயர்களைப் பலகையில் பொன்னெழுத்தில் எழுதி வைப்பது வழக்கம். துணி பிரித்தவர், பாத்திரம் கழுவியவர், விறகு சுமந்தவர் பெயரைப் பலகையில் எழுதுகிற வழக்கம் இல்லை. உங்கள் வீட்டில் பாட்டியோ அம்மாயியோ உயிரோடு இருந்தால், இந்த வாரம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தப் பள்ளி, எத்தனை வருஷம், என்ன சம்பளம், உன் பிள்ளை அப்போ எங்கே இருந்தது? தேதி தெரியாவிட்டால் பரவாயில்லை, 'அணை கட்டின வருஷம்' என்று சொன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

நோட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் அம்மாயி பெயரை எழுதிவிட்டேன், தமிழிலும் இங்கிலீஷிலும். அடுத்த பக்கம் காலியாக இருக்கிறது. டீ வந்தாச்சு போல, குடித்துக்கொண்டே எழுதலாம்.