பிறர் வீட்டுத் திறப்பு



போர்வீரனைப் பற்றிப் பேசும்போது அவன் வீட்டை விட்டுப் புறப்பட்டதையும் களத்தில் நின்றதையுமே நாம் பேசுகிறோம். போர் ஓய்ந்த பின்னர் அவனுடைய மனைவியும் மக்களும் பெட்டி படுக்கையோடு கப்பலேறி, அவன் காவல் நிற்கும் அந்நிய நாட்டிற் சென்று இறங்குவதைப் பற்றிப் பேசுவார் சிலரே. எமது நாட்டிற்கு இது முற்றிலும் புதிய காட்சியன்று. 1957ஆம் ஆண்டுவரை திருகோணமலையிற் பிரித்தானியக் கடற்படை இருந்தது. அதனைச் சேர்ந்தோரின் குடும்பங்களும் அங்கு வந்து வாழ்ந்ததை அவ்வூர் முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டது, 1946ஆம் ஆண்டில் ஜேர்மனிக்குச் சென்ற குடும்பங்களின் கதை. அவர்கள் போய் இறங்கியது நேற்றுவரை பகைநாடாக இருந்த மண்ணில்.

1945 மே மாதம் ஜேர்மனி சரணடைந்தது. வென்ற நாடுகள் நான்கும் அதனை நான்கு வலயங்களாகப் பிரித்துக்கொண்டன. வடமேற்குப் பகுதி பிரித்தானியருக்கு வந்தது; ஹம்பேர்க் நகரமும் ரூர் நிலக்கரி வயல்களும் அதனுள் அடங்கின. பல்லாண்டுகள் மனைவி மக்களைப் பிரிந்திருந்த படையினரை இன்னும் எத்தனை காலம் தனியே நிறுத்திவைப்பது என்ற கேள்வி எழுந்தது. குடும்பங்களை அழைத்துக்கொள்ள அரசாங்கங்கள் இசைந்தன. 1946 ஏப்ரல் இறுதியில் அமெரிக்கக் குடும்பங்களின் முதற் கப்பல் பிரேமர்ஹாவன் துறையை அடைந்தது. அவ்வாண்டுக் கோடையின் பிற்பகுதியிலே பிரித்தானியக் குடும்பங்கள் எல்பே நதி கடலிற் கலக்குமிடத்திலுள்ள குக்ஸ்ஹாவனை நோக்கிப் புறப்பட்டன.

புறப்பட்ட பெண்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். போர் நடந்த ஆறு ஆண்டுகளிலும் பிரித்தானியாவிற் பாணுக்குப் பங்கீடு இருந்ததில்லை. வெற்றி கிடைத்த மறு ஆண்டில், 1946 ஜூலை 21ஆம் நாள், பாணும் பங்கீட்டுக்கு வந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, ஜேர்மனியில் தங்கள் வலயத்து மக்களுக்குத் தானியம் அனுப்பவேண்டியிருந்தது என்பது. குண்டு வீழ்ந்த தெருக்களில் வாழ்ந்தவர்கள், உடன்பிறந்தாரைப் போரிற் பறிகொடுத்தவர்கள் அவர்களுள் இருந்தார்கள். எவருடைய நாட்டினால் தங்கள் பாண் குறைந்ததோ அந்த நாட்டுக்கே அவர்கள் குடித்தனம் நடத்தப் போனார்கள். சிலருக்குத் தம் கணவரே பாதி அந்நியராகிவிட்டார். தந்தையைப் படத்தில் மட்டும் கண்டிருந்த பிள்ளைகளும் இருந்தனர்.

துறைமுகத்திலிருந்து புகையிரதம். அது ஹம்பேர்க் நகரை நெருங்கும்போது, 1943 ஜூலையிற் பிரித்தானிய, அமெரிக்க விமானங்கள் மூட்டிய பெருந்தீயின் எச்சத்தை அவர்கள் கண்டார்கள். அந்தத் தீயில் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டனர். நகரத்து வீடுகளில் ஏறக்குறைய பாதி அழிந்தது. சுவர் நிற்கும், கூரை இராது. இடிபாட்டுக்கடியில் நிலவறைகளில் மக்கள் குடியிருந்தார்கள். கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட அகதிகளும் இலட்சக்கணக்கில் வந்து சேர்ந்துகொண்டிருந்தனர்.

இவ்வளவு வீடில்லாத நாட்டில், வந்த குடும்பங்களுக்கு வீடு எங்கிருந்து கிடைத்தது? எஞ்சி நின்ற நல்ல வீடுகளைப் படையதிகாரம் கைக்கொண்டது. வீட்டுக்காரருக்குச் சொற்ப அவகாசமே கொடுக்கப்பட்டது. உடுபுடவையையும் சில சொந்தப் பொருள்களையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வெளியேறவேண்டும். கட்டில், மேசை, கதிரை, பீங்கான் முதலியன அப்படியே இருக்கவேண்டும். பாட் ஒய்ன்ஹவுசன் என்ற ஊற்றுநீர்க் குளிப்பூர் பிரித்தானியப் படையின் தலைமையிடமாயிற்று. அதன் நடுப்பகுதியில் வாழ்ந்தோர் அனைவரும் 1945 மே மாதமே வெளியேற்றப்பட்டு, ஊரைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி எழுந்தது.

ஆகவே கப்பலில் வந்த பெண்ணின் கையில் ஒரு திறப்பும் ஒரு பட்டியலும் கொடுக்கப்பட்டன. படைக் குடியிருப்பு எதிலும் நுழையும்போது பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கையொப்பமிடுவது பிரித்தானியப் படையின் பழைய வழக்கம். கரண்டி இத்தனை, தட்டு இத்தனை, கம்பளி இத்தனை. உடைந்தால் கணக்குச் சொல்லவேண்டும், யாருக்கு? படைக் களஞ்சியத்துக்கு. அந்தத் தட்டில் நேற்றுவரை உண்ட குடும்பம் பட்டியலில் இல்லை. எனினும் அது வீட்டில் இருந்தது: சுவரிற் படம் மாட்டியிருந்த வெளிறிய சதுரமாக, கதவு நிலையிற் பிள்ளையின் உயரத்தை அளந்த கோடாக.

போரைத் தொடங்கியவர்கள் அவர்கள்தாமே, அனுபவிக்கட்டும் என்று நேயர்களுள் ஒருவர் கூறலாம். நாட்டின் மேலுள்ள அந்தக் குற்றத்தை நான் குறைத்துக்கூற வரவில்லை. ஆனால் அடுக்களை வாயிலில் வேலை கேட்டு நிற்கும் ஒரு பெண்ணின் முன் அந்த நியாயத்தை வைத்துப் பார்ப்பது எளிதன்று. 1946ஆம் ஆண்டு இளவேனிலில் பிரித்தானிய வலயத்துச் சாதாரண மனிதனுக்குரிய உணவுப் பங்கீடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கலோரியாகக் குறைக்கப்பட்டது. வேலை செய்யும் ஒருவருக்கு வேண்டியதில் அது பாதியுமில்லை. படைக் குடும்பத்துக்குப் பணிப்பெண்ணாகப் போனால் நண்பகலில் ஒருவேளை உணவு. குளிர்காலத்தில் அனல் உள்ள ஓர் அறை. கூலியைக் காட்டிலும் இவற்றுக்காகவே பலர் வந்தார்கள். மார்க் நாணயத்துக்கு மதிப்பில்லை. கறுப்புச் சந்தையிற் சிகரெட்டே பணமாயிற்று. படையினரோ 1946 முதல் தனிப் பணச்சீட்டுகளைத் தங்கள் கடைகளிற் கொடுத்துப் பொருள் வாங்கினர். ஊரில் வரிசையில் நின்று பழகிய பெண்ணுக்கு இங்கே அலுமாரியில் சீனியும் தேயிலையும் சவர்க்காரமும் இருந்தன. அந்த அலுமாரியைத் துடைத்தவள் அவற்றைப் பல மாதங்கள் கண்டிராதவள். பூட்டுவதா, திறந்து வைப்பதா? இதற்கு விதிநூலில் விடை இருந்திருக்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் விடை வேறாகவே இருந்தது.

அவ்வாண்டின் கடுங்குளிர் நிலைமையை மேலும் வாட்டியது. நிலக்கரி இல்லாமையால் மக்கள் சரக்கு வண்டிகளிலிருந்து கரியைத் திருடினார்கள். கொலோன் நகரத்துக் கர்தினால் பிறிங்ஸ் 1946 டிசம்பர் 31ஆம் நாள் நிகழ்த்திய பிரசங்கத்தில், உயிர் காக்க வேறு வழியின்றி இன்றியமையாததை எடுத்துக்கொள்வதைக் குற்றமாகக் கொள்ளமுடியாது என்ற கருத்தைத் தெரிவித்தார். அதன்பின் கரி திருடுவதற்கே அவ்வூர் மக்கள் 'பிறிங்சன்' என்று பெயரிட்டுவிட்டார்கள்!

வென்றோர் பக்கத்திலிருந்தே கண்டனக் குரல் எழுந்ததையும் சொல்லவேண்டும். விக்டர் கொலான்ஸ் என்பவர் இலண்டன் நகரத்துப் பதிப்பாளர், யூதர். ஜேர்மனியர்மீது பகைகொள்ள அவரைவிட நியாயமுள்ளவர் யார்? அவர் 1946ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பிரித்தானிய வலயத்தைச் சுற்றிப்பார்த்து, மறு ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைகளின் கிழிந்த சப்பாத்துகளைப் படம்பிடித்து அதிற் சேர்த்தார். படையினரின் உணவு மேசைக்கும் வெளியே இருந்த பசிக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கண்டு தாம் நாணியதை மறைக்கவில்லை.

இனி, பிள்ளைகள். அவர்களுக்கென 1947ஆம் ஆண்டு தொடக்கத்திற் பிரித்தானியப் பாடசாலைகள் திறக்கப்பட்டன. ஆனால் பாடசாலையிற் படிக்காத ஒன்றை வீட்டிற் படித்தார்கள். தாய்மார் சைகையாலும் அகராதியாலும் பணிப்பெண்ணோடு பேச முயல, பிள்ளைகள் சில மாதங்களில் அவளுடைய மொழியைப் பிடித்துக்கொண்டார்கள். தாய்க்கும் வேலைக்காரிக்கும் மொழிபெயர்ப்பாளர் ஆறு வயதுச் சிறுமி. நான் வெல்லப்பட்டவள் என்ற எண்ணமோ நான் வென்றவள் என்ற எண்ணமோ உருளைக்கிழங்கு எத்தனை வேகவைப்பது என்ற பேச்சில் நெடுநேரம் நிற்காது. இதனால் எல்லாம் சுமுகமாயிற்று என்று எண்ணிவிடவேண்டாம். வெளியேற்றப்பட்ட வீட்டுக்காரர் சிலர் அதே தெருவிற் பிறர் வீட்டு மேன்மாடத்தில் ஒண்டியிருந்து, தங்கள் தோட்டத்து அப்பிள் மரத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தபடியே ஆண்டுகளைக் கழித்தார்கள்.

1948 ஜூன் மாதத்திற் புதிய நாணயம் வந்தது. கடைகளில் மீண்டும் பொருள் தோன்றியது. 1955 மே மாதத்தில் மேற்கு ஜேர்மனி நேச நாடாகிப் பொதுப் பாதுகாப்பு அணியிற் சேர்ந்தது. படையினருக்கெனப் புதிய குடியிருப்புகள் கட்டப்பட்டு, கைக்கொண்ட வீடுகள் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. தலைமையிடம் 1954ஆம் ஆண்டு மூன்சென்கிளாட்பாக் நகருக்கு அருகே, ரைன்டாலன் என்னுமிடத்திற்கு மாறியது. பாட் ஒய்ன்ஹவுசன் மக்கள் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் தம் வீட்டுத் திறப்பைத் திரும்பப் பெற்றார்கள். இம்முறை பட்டியலைச் சரிபார்க்கும் முறை அவர்களுடையது.

ரைன்டாலனில் வீடுகளும் பாடசாலைகளும் படமாளிகையும் கடைகளுமாக எழுந்த அந்தப் படைநகரம் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இருந்தது. அங்கே பிறந்து, அங்கிருந்தே தாய்நாட்டை முதன்முறை பார்க்கப் போன பிள்ளைகள் பலர். 2013ஆம் ஆண்டு அதுவும் மூடப்பட்டது. வெறுமையான அந்த வளாகத்தின் ஒரு பகுதியிற் பிற்காலத்தில் வேறு நாடுகளிலிருந்து வந்த அகதிகள் தங்கவைக்கப்பட்டார்கள்.