ஜப்பான் மொழிக்குத் தமிழ்வழி



வேலைக்காக ஜப்பான் மொழியைத் தாமாகவே படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இங்கிலீஷ் வழியாகப் போகாதீங்க, அது சுத்துவழி. 'நான் சோற்றைச் சாப்பிடுகிறேன்' என்பது அங்கே 'வதாஷி வா கோஹான் ஓ தாபெமாஸ்'. நம்ம 'ஐ' அங்கே 'ஓ', நம்ம 'இருந்து' அங்கே 'காரா', வினை கடைசியில்தான். தமிழிலேயே யோசிச்சு மாற்றிப் பாருங்க, பெரும்பாலும் தேறும்.

ஹிராகனா 46 எழுத்தையும் கையால் எழுதியே படிக்கணும். கான்ஜி (நம்ம கஞ்சி இல்லை!) அன்றாடப் பட்டியலில் மட்டும் 2,136. தனித்தனியாக உருப்போடாமல் சொல்லோடு சேர்த்துப் படிங்க.

இன்னொன்று. ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சுத் தேர்வே கிடையாது. என்-3 பாஸாகியும் இண்டர்வியூவில் வாயடைத்துப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தினம் அரைமணி வாய்விட்டுப் படிங்க. ஹாஸ்டல் ரூமில் யார் சிரிச்சாலும் பரவாயில்லை.