கருவிக்குப் புதுப்பாடம்



துணி துவைக்கும் இயந்திரம், கணினியின் விசைப்பலகை, சூரிய ஒளியால் நிரம்பும் மின்கலத்தைக் காக்கும் மின்னேற்றி, குருதியமுக்கத்தை அளக்கும் கருவி ஆகிய இவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். ஆயினும் இன்று செய்யப்படும் இவற்றுள் எதனைத் திறந்து பார்ப்பினும், பெரும்பாலும் விரல் நகத்தின் அளவே உள்ள ஒரு சிலிக்கன் சில்லு உள்ளே அமர்ந்திருக்கக் காணலாம். நுண்கட்டுப்படுத்தி என்பது அதன் பெயர். மைக்ரோகொன்ட்ரோலர் என்று கூறுவோரும் உளர். கணக்கிடும் உறுப்பும், நினைவில் வைக்கும் உறுப்பும், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் கால்களும் ஒருங்கே அமைந்திருத்தலால் அதனை ஒரு சிறு கணினி எனலாம். எப்பொழுது மோட்டாரைச் சுழற்றுவது, எந்த வெப்பநிலையில் மின்சாரத்தைத் துண்டிப்பது என்னும் கட்டளைகள் யாவும் அதற்கு முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டுள்ளன. அக்கட்டளைத் தொகுதியையே நிலைப்பொருள் அல்லது பேர்ம்வெயர் என்கின்றோம். அந்த நிலைப்பொருளை யூ.எஸ்.பி. வடம் ஒன்றின் மூலம் மாற்றியெழுதும் முறை யாது, அதில் உள்ள ஆபத்து யாது, அவ்வாபத்திலிருந்து கருவி தப்புவது எங்ஙனம் என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

நிலைப்பொருள் என்ற பெயரைக் கேட்பவர் அது மாறாதது என்று எண்ணுதல் இயல்பு. ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தது. தொழிற்சாலையிலே சில்லு உருவாகும்போதே கட்டளைகளும் அதனுள் பதிக்கப்பட்டன. கல்லிலே வெட்டிய எழுத்தைப் போன்ற அதில் பிழை நேர்ந்துவிட்டால், சில்லை எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதைத் தவிர வழியில்லை. 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த டோவ் புரோமன் என்பவர், எழுதியதை அழித்து மீண்டும் எழுதத்தக்க ஒரு நினைவகத்தை ஆக்கினார். அதன் முதுகிலே ஒரு சிறு படிகச் சாளரம் இருக்கும். சில்லைப் பலகையிலிருந்து கழற்றி, அச்சாளரத்தின் வழியே புறவூதா ஒளியை ஏறக்குறைய 20 நிமிடம் செலுத்தினால், பழைய எழுத்து அழிந்துவிடும். பின்னர் அதற்கெனவுள்ள தனிக்கருவியில் வைத்துப் புதிய கட்டளைகளை எழுதுவர். இஃது ஆய்வுகூடத்துக்கு ஏற்ற முறையேயன்றி, வீட்டிலே செய்யத்தக்கதன்று.

ஒளியின்றி மின்சாரத்தினாலேயே விரைந்து அழித்தெழுதத்தக்க பிளாஷ் நினைவகத்தை, ஜப்பானிலே தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா 1984ஆம் ஆண்டில் அறிஞர் அவையிலே எடுத்துரைத்தார். இன்றைய நுண்கட்டுப்படுத்திகளுட் பெரும்பாலானவை தம் கட்டளைகளை அத்தகைய நினைவகத்திலேயே வைத்திருக்கின்றன. அந்நினைவகத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அதில் ஒன்று என்னும் குறியைத் தனியே பூச்சியமாக மாற்றலாம். ஆனால் பூச்சியத்தைத் தனியே ஒன்றாக மாற்ற இயலாது. அதற்கு, அக்குறி அமைந்துள்ள பகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். ஓர் எழுத்தைத் திருத்துவதற்காகச் சிலேட்டு முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதும் மாணவனின் நிலை போன்றது இது. துடைத்த பின்னர், எழுதி முடிப்பதற்கு முன்னர், பழைய பாடமும் இல்லை, புதிய பாடமும் இல்லை என்னும் ஓர் இடைவேளை உண்டு. நிலைப்பொருளை மாற்றுவதில் உள்ள ஆபத்து முழுவதும் அவ்விடைவேளையிலேதான் தங்கியிருக்கின்றது.

1996ஆம் ஆண்டில் யூ.எஸ்.பி. என்னும் இணைப்பு முறை வகுக்கப்பட்டது. கணினியையும் அதன் துணைக்கருவிகளையும் ஒரேவகை வடத்தினால் இணைக்கும் இம்முறை, சில ஆண்டுகளுள் உலகெங்கும் பரவிற்று. அதே வடத்தின் வழியாகவே புதிய நிலைப்பொருளையும் அனுப்பினால் என்ன என்று பொறியியலாளர் எண்ணினர். ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. வடத்தின் வழியே வரும் தரவினைப் பெற்று நினைவகத்தில் எழுதுவதற்குச் சில்லினுள்ளே ஒரு செய்நிரல் ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். அழிக்கப்படவிருப்பதோ அச்சில்லின் செய்நிரல். தன்னைத் தானே அழித்துக்கொண்டு தன்னைத் தானே எழுதுவது எங்ஙனம்? நுனிக்கொப்பில் இருந்துகொண்டு அடிக்கொப்பை வெட்டிய கதையாக அன்றோ முடியும்?

இச்சிக்கலுக்குக் காணப்பட்ட தீர்வே பூட்லோடர் எனப்படும் தொடக்க ஏற்றி. நினைவகத்தை இரு கூறாக்கி, ஒரு சிறு கூற்றிலே இந்த ஏற்றியையும், எஞ்சிய பெருங் கூற்றிலே கருவியின் வழக்கமான செய்நிரலையும் வைக்கின்றனர். மின்சாரம் வந்ததும் முதலில் விழித்தெழுவது ஏற்றியே. புதிய பாடம் ஏதேனும் வந்திருக்கின்றதா என்று அது பார்க்கும். வந்திருந்தால், பெருங் கூற்றை அழித்துப் புதியதை எழுதும். இல்லையேல், பொறுப்பைப் பெருங் கூற்றிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தான் நிற்கும் இடத்தை மட்டும் அது தொடுவதில்லை.

இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரிலே 2005ஆம் ஆண்டில் மாணவருக்கென உருவாகிய ஆடுயினோ பலகைகளில் இம்முறையை நன்கு காணலாம். அவ்வரிசையில் பெயர் பெற்ற ஊனோ பலகையிலுள்ள சில்லின் பிளாஷ் நினைவகம் 32 கிலோபைற்று. அதன் கடைக்கோடியில் 512 பைற்று மட்டுமே ஏற்றிக்கு உரியது. அதாவது மொத்த இடத்தில் 64இல் ஒரு பங்கு. அச்சில்லுக்கு யூ.எஸ்.பி. மொழி தெரியாதாகையால், பக்கத்திலுள்ள வேறொரு சில்லு மொழிபெயர்ப்பாளனாக நிற்கின்றது. 2012ஆம் ஆண்டில் வந்த லெயனார்டோ பலகையில் ஒரே சில்லு இரு வேலையையும் செய்கின்றது. ஆதலால் அதன் ஏற்றிக்கு 4 கிலோபைற்று இடம் தேவைப்பட்டது. இவ்விரு சில்லுகளிலும் பிளாஷ் நினைவகத்தில் எழுதும் கட்டளையை ஏற்றியின் கூற்றிலிருந்து மட்டுமே பயன்படுத்த முடியும். வழக்கமான செய்நிரல் பிழையாக நடந்து, தன் மனம்போனவாறு நினைவகத்தில் எழுதிவிடாதபடி இடப்பட்ட வேலி அது.

ஆயினும் இங்கே ஏற்றியும் பிளாஷ் நினைவகத்திலேயே இருக்கின்றது என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். தனிக்கருவி கொண்டு வெளியிலிருந்து சில்லை முற்றாக அழித்தால் அதுவும் அழிந்துபோம். இதனினும் உறுதியான வழி, ஏற்றியைச் சில்லு உருவாகும்போதே மாற்றமுடியாத வகையில் பதித்துவிடுவது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ராஸ்பெரி பை நிறுவனத்தார் 2021ஆம் ஆண்டு ஜனவரியில் 4 அமெரிக்க டொலர் விலையில் வெளியிட்ட பிக்கோ என்னும் பலகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் சில்லினுள் 16 கிலோபைற்று அளவுள்ள மாறா நினைவகம் ஒன்று உண்டு. ஏற்றி அங்கே இருக்கின்றது. கருவியின் செய்நிரலோ பக்கத்திலுள்ள 2 மெகாபைற்று பிளாஷ் சில்லில் இருக்கின்றது.

இப்பலகையின் நிலைப்பொருளை மாற்றும் முறை மிக எளிது. பலகையிலுள்ள ஒரேயொரு பொத்தானை அழுத்திக்கொண்டே யூ.எஸ்.பி. வடத்தைக் கணினியில் இணைத்துப் பின்னர் விரலை எடுத்துவிட வேண்டும். நீ யார் என்று கணினி வினவும்போது, நான் ஒரு சேமிப்புத் தட்டு என்று ஏற்றி விடையிறுக்கும். கணினியின் திரையிலே புதிய தட்டு ஒன்று தோன்றும். உண்மையில் அங்கே தட்டு எதுவும் இல்லை. ஏற்றி போடும் வேடமே அது. புதிய நிலைப்பொருள் அடங்கிய கோப்பினை, ஏனைய கோப்புகளைப் போலவே, அத்தட்டினுள் பிரதி செய்தால் போதும். பிரதி முடிந்த கணத்தில் தட்டு தானாக மறைந்துவிடும். தட்டு முறைப்படி அகற்றப்படவில்லை என்று சில கணினிகள் முறையிடவும் கூடும். புதியவர்கள் அஞ்சுவர், ஆனால் அதுவே வேலை நிறைவேறியதன் அடையாளம். கருவி வேடத்தைக் களைந்துவிட்டுப் புதுப்பாடத்தோடு தொழிலைத் தொடங்கிவிட்டது.

அக்கோப்பின் அமைப்பும் அறியத்தக்கது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் வகுத்த யூ.எப். இரண்டு என்னும் வடிவம் அது. 512 பைற்று கொண்ட பல துண்டங்களாக அது அமைந்துள்ளது. ஒவ்வொரு துண்டத்திலும், இது நினைவகத்தின் எந்த முகவரிக்கு உரியது, மொத்தத் துண்டங்கள் எத்தனை, அவற்றுள் இது எத்தனையாவது, எந்த இனச் சில்லுக்கு எழுதப்பட்டது என்னும் விபரங்கள் உண்டு. ஒவ்வொரு தாளிலும் முகவரியும் பக்க எண்ணும் குறிக்கப்பட்ட கடிதம் போன்றது எனலாம். ஆகவே துண்டங்கள் முன்பின்னாக வந்தாலும் ஏற்றி அவற்றை உரிய இடத்திற் சேர்க்கும். வேறினச் சில்லுக்கு உரியதாயின் ஒதுக்கிவிடும்.

இனி, பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெருங் கூற்றிலே பாதி புதியதும் பாதி பழையதுமாக ஒன்றுக்கும் உதவாத கலவை எஞ்சும். ஏற்றி இல்லாத கருவியாயின், அல்லது ஏற்றியையே மாற்றிக்கொண்டிருந்த வேளையாயின், அதனோடு அதன் கதை முடிந்தது. அத்தகைய கருவியைத் தொழில் வல்லோர் செங்கல் என்று அழைப்பர். பிக்கோ பலகையிலோ, மின்சாரம் மீண்டதும் ஏற்றி பிளாஷ் நினைவகத்தின் முதல் 256 பைற்றுகளைப் படித்து, அவற்றின் இறுதியிலுள்ள சரிபார்ப்பு எண் பொருந்துகின்றதா என்று பார்க்கும். பொருந்தாவிடில், பொத்தானை அழுத்தாமலே தட்டு வேடம் பூண்டு நமக்காகக் காத்திருக்கும். பொருந்தினும் அதற்கப்பாலுள்ள பகுதி குறைபட்டிருப்பின், செய்நிரல் தொடங்கி இடையிலே திகைத்து நின்றுவிடலாம். அப்பொழுது பொத்தானை அழுத்தி மீண்டும் இணைத்தால் முன்போலவே கோப்பைப் பிரதி செய்யலாம். செய்நிரலில் எத்தகைய பிழை இருப்பினும், மாறாத அச்சிறு பகுதி தன் கடமையைச் செய்யும்.

எனினும் கையாள்வோர் சில விடயங்களிற் கருத்தாயிருத்தல் நன்று. சாதாரண யூ.எஸ்.பி. வடத்திலே மின்சாரத்துக்கு இரு கம்பிகளும் தரவுக்கு இரு கம்பிகளும் உண்டு. மின்னேற்றுவதற்கு மட்டும் விற்கப்படும் சில வடங்களிலே தரவுக் கம்பிகள் இரா. விளக்கு எரியும், ஆனால் கணினி கருவியைக் காணாது. கருவி பழுதென்று முடிவு செய்வதற்கு முன் வடத்தை மாற்றிப் பார்த்தல் வேண்டும். கருவிக்கு உரிய கோப்பினை அதனை ஆக்கியோரிடமிருந்தே பெறுதல் வேண்டும். இயலுமாயின் பழைய நிலைப்பொருளின் பிரதி ஒன்றைக் காத்து வைத்தல் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது வடத்தை அசைத்தலாகாது.

இதுவரை கூறியது நன்மை பயக்கும் பக்கம். உரியவன் நுழையும் கதவு கள்வனுக்கும் கதவே. 2014ஆம் ஆண்டில் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் இருவர், கடைகளில் விற்கப்படும் யூ.எஸ்.பி. சேமிப்புக் கோலின் நிலைப்பொருளை மாற்றி, அதனை ஒரு விசைப்பலகை போல வேடமிடச் செய்து காட்டினர். கணினியில் செருகியதும் அது தானாகவே கட்டளைகளைத் தட்டெழுதத் தொடங்கிற்று. புதிய பாடத்தைக் கொண்டு வந்தவன் யார் என்று வினவாத ஏற்றிகளினால் விளைவது இது. இதற்கு மாற்று, கையொப்பம். ஆக்கியோனின் இரகசியத் திறவுகோலினால் மின்முறையிற் கையொப்பமிடப்பட்ட நிலைப்பொருளையே சில்லு ஏற்கும், பிறவற்றை மறுக்கும். 2024ஆம் ஆண்டில் வெளிவந்த பிக்கோ இரண்டு பலகையின் சில்லில் இவ்வசதி உண்டு. ஆனால் இதற்கும் விலையுண்டு. அத்திறவுகோல் தொலைந்துபோனால், அல்லது நிறுவனம் மூடப்பட்டால், கருவியை விலைகொடுத்து வாங்கியவனாலும் அதனைத் திருத்த இயலாமற் போகலாம்.

மாறாத ஏற்றிக்கும் ஓர் இடர் உண்டு. அதிலேயே பிழை இருந்துவிட்டால், அதனைத் திருத்துவாரும் இல்லை. அப்பிள் நிறுவனத்தின் கைத்தொலைபேசிகளிலே, மாறா நினைவகத்திலுள்ள ஏற்றியின் யூ.எஸ்.பி. பகுதியில் ஒரு பிழை இருத்தல் 2019ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளிப்பட்டது. ஐபோன் நான்கு எஸ் முதல் ஐபோன் பத்து வரையிலான கோடிக்கணக்கான தொலைபேசிகளில் அப்பிழை நிலைத்துவிட்டது. எந்தப் புதிய நிலைப்பொருளும் அதனைப் போக்கவில்லை; போக்கவும் இயலாது.

ஆகவே பொறியியலாளர் ஏற்றியை இயன்றவரை சிறிதாகவும் எளிதாகவும் எழுத முயல்கின்றனர். பெரிய செய்நிரலிலே பிழை நேரின் நாளை திருத்தலாம். ஏற்றியை எழுதுவோனுக்கு அந்த நாளை என்பது இல்லை. அவன் எழுதிய சில நூறு அல்லது சில ஆயிரம் பைற்றுகள் சரியாக இருக்குமளவும், பிற எல்லாவற்றையும் அழித்து எழுதும் துணிவு நமக்கு உண்டு. அடுத்த முறை ஒரு கருவி, நிலைப்பொருள் புதுப்பிக்கப்படுகின்றது, மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம் என்று திரையிலே எச்சரிக்குமாயின், உள்ளே அச்சிலேட்டு துடைக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றது என்பதை நினைவிற்கொண்டு, சிறிது நேரம் பொறுத்திருங்கள்.